பலகை இல்லாத மூன்றாவது இடம்

ஹட்டனிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய இடங்கள் எவை என்று யார் கேட்டாலும் எங்கள் பாடசாலையில் என்னைத்தான் கைகாட்டுவார்கள். இருபது வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். பேருந்து நேரம், நடக்க வேண்டிய தூரம், அட்டை கடிக்கும் மாதம், பட்டிப்பொலவில் எந்த ரயிலில் போய் இறங்கினால் பனி மூடுவதற்குள் மேலே ஏறலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டு இடங்களில் நான் எழுதிய தமிழ் பலகையிலேயே இருக்கிறது. ஒன்று, தலவாக்கலைப் பாதையில் அருவியைப் பார்க்கும் திருப்பத்தில். மற்றது, கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்க்கும் மேட்டில். சிங்களத்தில் இருந்ததைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். நான் அதோடு நிற்காமல் கொஞ்சம் அழகுபடுத்தியும் கொடுத்தேன்.

மூன்றாவதாக ஒரு பலகை எழுதித் தரும்படி என் அக்கா கேட்டாள். அதை நான் எழுதவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். நானும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு ஒரே கூரையில் வரிசையாகக் கட்டிய வீடுகளில், பிறந்தவன்தான். அவள் பதினைந்து வயதில் கூடையை மாட்டிக்கொண்டாள், நான் படித்தேன். அவள் புருஷன், என் மச்சான், கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்யும் வேலை அது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள்தான் அவர்களுக்கும் பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்கள்.

மலைநாட்டை உடைத்த அந்த அடைமழை நான்காவது நாளாகப் பெய்தபோது லயத்து ஆட்களையெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அக்கா அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, இங்க நிக்கக்கூட எடமில்ல. ஈரத்துல உக்காந்திருக்கோம். நானும் அவரும் ஒங்க வீட்டுக்கு வந்துரட்டுமா? ரெண்டு நாளைக்குத்தான்.”

என் மகளுக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அவள் பிறந்த நாளிலிருந்து நான் பயப்படுகிறவன். காய்ச்சலுக்குப் பயம், பேருந்துக்குப் பயம், எல்லாவற்றையும்விட அவள் பரீட்சையில் தவறிப்போய் நான் ஏறி வந்த பாதையில் திரும்ப இறங்கிவிடுவாளோ என்று பயம். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள்தான். மச்சானுக்கு நெஞ்சுச் சளி, விடிய விடிய இருமுவார்.

“பிள்ளைக்குப் பரீட்சைக்கா. சத்தம் இருந்தா அவளுக்குப் படிக்க வராது. கொஞ்சம் பொறுத்துக்கங்க. மழ விட்டுரும்” என்றேன்.

“சரிப்பா” என்றாள். கோபமே இல்லை.

மறுநாள் காலையில் மழை விட்டது. தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். பாதையில் விழுந்த மரங்களை வெட்ட ஆள் வேண்டும், கத்தியோடு வருகிறவர்களுக்குப் பேர் போடுவோம் என்று அன்று பெரட்டில் சொல்லியிருக்கிறார்கள். கத்தி இல்லாமல் போய் நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை. மச்சானின் கத்தி லயத்துக் காம்பராவில், அவர்களுடைய அறையில், இருந்தது. எடுத்துவரப் போனார். பள்ளிக்கூட வாசலில் நின்ற அக்காவின் கண் முன்னால் மலை இறங்கியது. பன்னிரண்டு காம்பராக்கள். எல்லாக் குடும்பமும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. உள்ளே இருந்தவர் மச்சான் மட்டும்தான். நாட்கணக்கில் தோண்டினார்கள். அவர் கிடைக்கவில்லை.

பாதைகள் உடைந்ததால் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள்.

நான் ஒரு நாள் லீவு எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் “உறவினர் மரணம்” என்று எழுதினேன். எந்த உறவினர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பாதை திறந்ததும் சனம் பார்க்க வரத் தொடங்கியது. முதலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், பிறகு கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வேன்களில். மலை உச்சியிலிருந்து ஆறு வரைக்கும் செம்மண் கிழிந்து கிடப்பது படத்துக்கு எடுப்பாக இருக்குமாம். அப்போதுதான் அக்கா இரண்டாவது முறை போன் எடுத்தாள்.

“ஒரு போர்டு எழுதிக் குடு தம்பி. மூணு பாசையிலயும்.”

“என்னா போர்டுக்கா?”

“செருப்போட மண்ணுமேல ஏறாதீங்க, கீழ எம் புருஷன் இருக்காருன்னு.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவளே தொடர்ந்தாள்.

“நம்ம அப்பா பெரட்டுல தோட்டத்துத் தொர வந்து நின்னா செருப்பக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்குவாரே, ஞாபகமிருக்கா? ஆயுசு பூரா கழட்டுனாரு. இவரும் கழட்டிருக்காரு. இப்ப இவருக்கு முன்னால மத்தவங்க கழட்டட்டும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

“எழுதித் தாரேங்க்கா.”

“ஒண்ணு சொல்லிர்றேன். தூங்குறாருன்னு எழுதிறாத. நீ எழுதுவ. தண்ணிக்குள்ள ஊரு ஒறங்குதுன்னு எழுதுனவன்தான நீ. அவரு தூங்கல. கத்தி எடுக்கப் போனாரு.”

அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கொத்மலைப் பலகையை மச்சான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார், எங்க மச்சினன் எழுதியது என்று பக்கத்தில் நின்றவர்களிடமும் சொல்லிக்கொண்டு.

அன்றே உட்கார்ந்தேன். தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். எதை எழுதினாலும் கடைசியில் அருவிப் பலகை மாதிரியே வந்தது. ‘இம்மண்ணின் மடியில்’ என்று வந்தது. ‘மீளாத் துயில்’ என்று வந்தது. உண்மையைச் சொன்னால் என் பிரச்சினை தமிழ் இல்லை. கீழே என் மச்சான் இருக்கிறார் என்று மூன்று பாஷையில் எழுதி வைத்தால், அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று நானே நான்காவது வரியாக எழுத வேண்டியிருக்கும். வாரங்கள் போயின. அக்கா மறுபடி கேட்கவில்லை.

மகளுடைய பரீட்சை நடந்து முடிந்தது. தவணை முடிவில் எங்கள் ஆசிரியர்கள் குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றுலா போக ஏற்பாடு செய்தார்கள். இடங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு வழக்கம்போல எனக்கு. அருவி, நீர்த்தேக்கம், அதோடு திரும்புவது என்று எழுதிக் கொடுத்தேன். வேன் முன்னால் பெரிய பேனர் கட்டினார்கள். மனைவிக்குக் காய்ச்சல், வரவில்லை. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அருவித் திருப்பத்தில் இறங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு படிப்பிக்கும் விஞ்ஞான டீச்சர் நேரே என் பலகைக்குப் போய் எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

“‘வெள்ளிச் சரிகை உடுத்தி ஆடும் மலைமகள்.’ சேர், கலியாணக் கார்ட்டிலயும் இப்பிடி எழுதமாட்டினம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் சாரதி, ஹட்டன்காரர், வெற்றிலையைத் துப்பிவிட்டு, “மேல டேம் கட்டுனதுக்கு அப்பறம் பகல்லதான் சார் தண்ணி விடுறாங்க. சாயங்காலம் ஆனா மலைமகளுக்குச் சரிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

நீர்த்தேக்கத்து மேட்டில் நல்ல வெயில். தண்ணீர் அடியில் முன்பு வயல்களும் வீடுகளும் பழைய விகாரைகளும் இருந்தன. அங்கேயிருந்தவர்களை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு அணையை மூடினார்கள். ‘நீரின் அடியில் பழம்பெரும் கிராமங்கள் உறங்குகின்றன’ என்ற என் வரிக்கு முன்னால் நின்று சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரித்தோம். மகள் பலகையை முழுக்க வாசித்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா, அத்தைக்குப் போர்டு எழுதிட்டீங்களா?”

“எழுதிக்கிட்டிருக்கேன்.”

அவள் மறுபடி பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்புகிற நேரத்தில் சாரதி சொன்னார், “இன்னும் நேரமிருக்கு. புது எடம் ஒண்ணு இருக்கு, இப்ப எல்லா வேனும் அங்கதான் போவுது. மண்சரிவு. பாக்கணும் சார், மல ரெண்டா பொளந்து கெடக்கு.” தோட்டத்தின் பேரையும் சொன்னார். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“ஐயோ, எவ்வளவு சனம் செத்ததோ?” என்றார் விஞ்ஞான டீச்சர்.

“ஒரு ஆள்தான் டீச்சர்.”

“ஓராளோ?” அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நானும் வேறு ஊர் மண்சரிவுச் செய்திகளில் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்த்திருக்கிறேன்.

அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அது எங்கள் வீடு, செத்தவர் என் மச்சான், வேண்டாம், ஹட்டனுக்கு விடுங்கள் என்று நாலு வார்த்தை. இடங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பும் என்னுடையதுதான். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பின்னால் யாரோ தாளம் போட்டுப் பாட ஆரம்பித்தார்கள். வேன் திரும்பியது.

பாதையோரம் ஐந்தாறு வாகனங்கள் நின்றன. அவித்த சோளம் விற்கிறவர் அடுப்போடு வந்து குந்தியிருந்தார். லயத்தில் மிஞ்சியது ஒரே ஒரு சுவர்தான். நீல நிறம் அடித்த சுவர். அதில் சாமி படம் வைக்கும் ஒரு தட்டு, ஆணியில் தொங்கும் போன வருடக் கலண்டர். அது அக்காவின் காம்பரா இல்லை, நாலு காம்பரா தள்ளி. ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கு அந்தச் சுவர்தான் பிடித்திருந்தது. கல்யாணம் கட்டப்போகிற ஜோடி ஒன்று அதன் முன்னால் நெற்றியோடு நெற்றி முட்டி நிற்க, படம் பிடிக்கிறவர் இன்னும் கொஞ்சம் சோகமாகப் பார்க்கச் சொன்னார்.

மண் தொடங்கும் இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கூடைக் கயிற்றைக் கட்டி, அதன் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வேலை நாட்களில் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு நாளும் அவள் அங்கேதான் என்று எனக்குத் தெரியும். அன்று ஞாயிறு. சிலர் அவள் சொன்னதைக் கேட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். பிள்ளையோடு வந்த ஒரு சிங்களப் பெண் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, இது எந்தத் தெய்வம் என்று கேட்டாள். என் புருஷன் என்று அக்கா சிங்களத்திலேயே சொன்னாள். அந்தப் பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

ஓர் இளைஞன் பெரிய சப்பாத்தோடு கயிற்றைத் தாண்டினான். அக்கா கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்து, கழற்றச் சொல்லி எங்கே போட்டிருக்கிறது, பலகை ஒன்றும் காணோமே என்று கேட்டான். கேட்டுவிட்டு மண்ணில் இறங்கி நடந்தான். அவன் கேட்டதில் பிழை இல்லை. பார்க்கிற இடமென்றால் பலகை இருக்கும்.

எங்கள் கூட்டம் கயிற்றுக்கு வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற வேனை, அதன் பேனரை, சோளத்தைக் கடித்துக்கொண்டு நின்ற ஆசிரியர்களைப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

“சார், சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க” என்றாள்.

நான் குனிந்தேன். முடிச்சு இறுகியிருந்தது. நூலின் நுனி கையில் அகப்படவே இல்லை.

“மெதுவா கழட்டுங்க சார். அவரு எங்கயும் போகமாட்டாரு.”

மகள் எப்போதோ வெறுங்காலோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். “அத்தே” என்று அக்காவின் தோளைப் பிடித்தாள். ஆசிரியர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

“அத்தையோ?” என்றார் விஞ்ஞான டீச்சர். “சேர், இவ உங்கட...”

“அக்கா” என்றேன். ஒரு சப்பாத்து கையில் இருந்தது.

சோளம் தின்றவர்கள் தின்பதை நிறுத்தினார்கள். எங்கே போடுவதென்று தெரியாமல் கடித்த சோளத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா மகளின் கன்னத்தைத் தடவினாள்.

“பரீட்ச முடிஞ்சிருச்சா கண்ணு?”

“முடிஞ்சிருச்சு அத்தே.”

“நல்லா எழுதுனியா?”

“எழுதுனேன்.”

“சத்தம் இல்லாம படிக்க முடிஞ்சிச்சா? யாரும் வந்து தொந்தரவு பண்ணலியே?”

“இல்லத்தே.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பலகை எங்கே என்று அந்த இளைஞன் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. நேரே வேனுக்குப் போய் முன்னால் கட்டியிருந்த பேனரை அவிழ்க்கத் தொடங்கினாள். சாரதி என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவரே மற்றப் பக்கத்துக் கயிற்றை அறுத்தார். ஒருவரும் தடுக்கவில்லை. விஞ்ஞான டீச்சர் கைப்பையைக் கிண்டி வெள்ளைப் பலகைக்கு எழுதும் பேனையை எடுத்துவிட்டு, “இது மழைக்கு அழிஞ்சு போகும் பிள்ளை, நில்லு” என்று வேறொன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மகள் பேனரைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை மேலே போட்டு, முழந்தாளிட்டு எழுதினாள். செருப்பைக் கழற்றவும். அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.

“அப்பா, ரெண்டாவது வரி என்னா எழுத?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வரலாறு படிப்பிக்கிறவன், இரண்டு பலகை எழுதியவன். “இங்கே” என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு வாயில் வந்து நின்றது அந்த ஒரே சொல்தான். உறங்குகிறார். அதை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

“அவர்கிட்ட கேக்காத கண்ணு” என்றாள் அக்கா. “அவருக்கு அருவிக்குத்தான் எழுத வரும்.”

“நீங்க சொல்லுங்கத்தே.”

அக்கா மண்ணைப் பார்த்தாள்.

“கத்தி எடுக்கப் போனவர் இன்னும் வரலன்னு எழுது.”

மகள் அப்படியே எழுதினாள். சிங்களத்துக்குச் சாரதி உதவினார். சாரதியும் சில ஆசிரியர்களுமாகச் சேர்ந்து அதைக் கயிற்றுக்கு மேலே இழுத்துக் கட்டினார்கள். அது முடியும்போதுதான் என் இரண்டாவது சப்பாத்து கழன்றது. அதற்குள் எல்லோரும் வேனுக்குத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். நான் வெறுங்காலோடு கயிற்றுக்கு வெளியே நின்றேன். அக்கா உள்ளே வா என்று சொல்லவில்லை.

வேனில் யாரும் பாடவில்லை. பூண்டுலோயா தாண்டியதும் மகள் கேட்டாள்.

“அத்தை ஏம்ப்பா சத்தம் இல்லாம படிச்சியான்னு கேட்டாங்க?”

இதற்கும் ஏதாவது அழகான பதில் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. முதல் போன் வந்ததையும் நான் சொன்ன பதிலையும் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“நான் கேட்டனா?” என்றாள். “சத்தம் வேணாம்னு நான் ஒங்கள்ட்ட சொன்னனா?”

“இல்ல.”

“பின்ன எம் பேர ஏன் சொன்னீங்க?”

அவள் எழுந்து முன்னால் போய்ச் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். ஹட்டன் வரைக்கும் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது ஹட்டன் தரிப்பிடத்தில் வேன்காரர்கள் ஆள் சேர்க்கும்போது, “அருவி, கொத்மல டேம், செருப்பு கழட்டுற எடம்” என்று கூப்பிடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கழற்றுகிறார்களாம். பேனருக்குக் கீழே பூ வைக்கிறார்கள், பேனரோடு நின்றும் படம் எடுக்கிறார்கள். சோளக்காரர் பக்கத்தில் இன்னொரு சோளக்காரரும் வந்துவிட்டாராம். விஞ்ஞான டீச்சர் ஒரு நாள் அவசரத்தில் மறந்துபோய், “அந்த ரெண்டாவது வரிதான் சேர், நெஞ்சில நிக்குது. உங்கட எழுத்தோ?” என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவருக்கே ஞாபகம் வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா இப்போது என் மகளுக்குத்தான் போன் எடுக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கும்படி நான் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். “இப்ப எடமிருக்காமா?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாளாம்.

பெறுபேறு வந்தது. மகள் நன்றாகச் செய்திருந்தாள், நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. உயர்தர வகுப்பு தொடங்கியிருக்கிறது. அவள் இப்போது அறைக் கதவைத் திறந்து வைத்து, வானொலியைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். முதல் நாள் நான் போய்ச் சத்தத்தைக் குறைத்தேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கையை நீட்டி மறுபடி கூட்டினாள்.

“இருக்கட்டும்ப்பா. சத்தத்துல படிச்சுப் பழகணும். யாராச்சும் வரலாம்.”